ஒரு வருஷ அப்ரென்டிஸ் பயிற்சிக்குப் போறீங்களா? கேட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நான் பிஇ மெக்கானிக்கல் முடிச்சது 2024-ல. முடிச்ச கையோட ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஒரு வருஷ கிராஜுவேட் அப்ரென்டிஸா சேர்ந்தேன். வேலை கத்துக்கிட்ட வகைல எனக்கு ஒரு குறையும் இல்ல, நாலு வருஷம் காலேஜ்ல புரியாதது அங்க நாலு மாசத்துல புரிஞ்சுது. ஆனா பேப்பர் விஷயத்துல பட்ட பாடு யாருக்கும் வேணாம். 14 மாசம் வேலை பார்த்தும் கணக்குல ஏறினது 12 மாசம்தான். ஸ்டைபண்ட்ல (பயிற்சிக் காலத்துல மாசாமாசம் தர்ற உதவித்தொகை) அரசாங்கம் தர்ற பங்கு நாலு மாசமா எந்த அக்கவுண்டுக்குப் போகுதுன்னே தெரியாம ரூம் வாடகைக்கு வீட்ல கை நீட்டிக்கிட்டு இருந்தேன். இது ரெண்டுமே முதல் வாரத்துலயே ரெண்டு கேள்வி கேட்டிருந்தா நடந்திருக்காது. எனக்கு அப்ப சொல்ல ஆள் இல்ல, அதான் உங்களுக்கு உக்காந்து எழுதறேன். டிப்ளமோ முடிச்சவங்களுக்கும் டிகிரி முடிச்சவங்களுக்கும் இது பொருந்தும்.

1. முதல்ல அது உண்மையிலேயே அப்ரென்டிஸ்தானான்னு தெரிஞ்சுக்கோங்க

கம்பெனில எச்ஆர் பேசும்போது டிரெய்னி, ஜிஇடி (கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி), நீம் (அப்ரென்டிஸ் இல்லாத வேற ஒரு பயிற்சித் திட்டம்), இன்டர்ன், அப்ரென்டிஸ் எல்லாத்தையும் ஒரே மாதிரி சொல்லுவாங்க. எல்லாம் ஒண்ணு கிடையாது. 1961 அப்ரென்டிஸ் சட்டத்துக்குக் கீழ வர்ற பயிற்சிக்கு மட்டும்தான் ஒப்பந்தம், குறைஞ்சபட்ச ஸ்டைபண்ட், அரசாங்க சர்டிபிகேட் எல்லாம் உண்டு.

இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு நாட்ஸ், மத்திய கல்வி அமைச்சகத்தோடது, டிகிரி டிப்ளமோக்காரங்க பெரும்பாலும் இதுலதான் வருவோம், பயிற்சி ஒரு வருஷம். தென் மாநிலங்களுக்கு இதைப் பாத்துக்கறது சென்னை தரமணில இருக்கிற பயிற்சி வாரியம், போட்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு நாப்ஸ், திறன் மேம்பாட்டு அமைச்சகத்தோடது, ஐடிஐ முடிச்சவங்க அதிகமா இதுல இருப்பாங்க, இதோட போர்ட்டலே வேற. அரசுப் பங்கும் வேற, நாட்ஸ்ல குறைஞ்சபட்ச ஸ்டைபண்ட்ல பாதி, நாப்ஸ்ல கால் பங்கு, அதுவும் அதிகபட்சம் மாசம் 1,500 ரூபா.

ஆஃபர் லெட்டர் வந்ததும் எச்ஆர்கிட்ட நேரா கேளுங்க: "சார், இது நாட்ஸா நாப்ஸா? போர்ட்டல்ல கான்ட்ராக்ட் போடுவீங்களா? எந்தத் தேதியிலிருந்து?" பதில் மழுப்பலா வந்துச்சுன்னா அது அப்ரென்டிஸ் கிடையாதுன்னு வெச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. வேற பேர்ல வேலை கொடுக்கறாங்கன்னா அது கெட்டதுன்னு நான் சொல்லல, ஆனா அதை அப்ரென்டிஸ்னு நம்பிக்கிட்டு ஒரு வருஷத்தைக் கொடுத்துடாதீங்க.

நடுவுல ஒரு ஏஜென்சி வந்தாலும் உடனே தப்புன்னு நினைக்க வேணாம். ஒப்பந்தத்துல பயிற்சி தர்ற நிறுவனம்னு யார் பேர் இருக்குன்னு மட்டும் பாருங்க.

2. தகுதி: மூணு விஷயம் தடுக்கும்

ஒண்ணு, படிச்சு முடிச்சு 5 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. சில பொதுத்துறை நிறுவனங்கள் இன்னும் குறைச்சு, இந்த இந்த வருஷம் முடிச்சவங்க மட்டும்னு போடுவாங்க, விளம்பரத்துல அந்த வரியை விட்டுடாதீங்க. ரெண்டு, ஏற்கெனவே ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை அனுபவம் இருந்தா எடுக்க மாட்டாங்க. மூணு, இந்தப் பயிற்சியை ஏற்கெனவே ஒரு தடவை பண்ணியிருந்தா திரும்பப் பண்ண முடியாது.

ரெண்டாவதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க. காலேஜ் முடிச்சதும் சும்மா இருக்க வேணாமேன்னு எங்கயாவது கான்ட்ராக்ட்ல சேருவோம், அவங்க பிஎஃப் பிடிச்சிருப்பாங்க, நம்பர் ஓப்பன் ஆகியிருக்கும். ஒரு வருஷத்தைத் தாண்டிட்டா அப்புறம் மறைக்க முடியாது. மூணாவதும் முக்கியம், பாதில விட்டுட்டா வேற கம்பெனில புதுசா ஆரம்பிக்கறது ரொம்ப சிக்கலாயிடும், அதனால சேர்றதுக்கு முன்னாடியே நல்லா யோசிச்சுக்கோங்க.

3. பேரும் இனிஷியலும்

இதுக்கு ஒரு தனி நம்பர் கொடுக்கறேன்னா காரணம் இருக்கு. நம்ம ஊர்ல பேர் பிரச்சனை இல்லாத ஆளே இல்ல. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேர் முழுசா விரிஞ்சு முன்னாடி இருக்கும், பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே இருக்காது. பார்க்கிற நமக்கு மூணும் ஒரே ஆள்தான், கம்ப்யூட்டருக்கு மூணு ஆள்.

என் ஆதார்ல அப்பா பேர் விரிஞ்சிருந்துச்சு, டிகிரில இனிஷியல் மட்டும். போர்ட்டல்ல ஆதார்ப்படி பேர் விழுந்துடுச்சு, சர்டிபிகேட் சரிபார்க்கும்போது நிறுத்தி வெச்சுட்டாங்க. திருத்தறதுக்கு ஆதார் சென்டர்ல ஒரு நாள், அப்டேட் ஆகி வர ரெண்டு வாரம், அதுக்கப்புறம் பேங்க்ல மாத்த இன்னொரு நாள்.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். கடைசி செமஸ்டர் நடக்கும்போதே, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம, பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பான், பாஸ்புக் நாலையும் ஒரு மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தா பாருங்க. ஸ்பெல்லிங், இடைவெளி, புள்ளி, பிறந்த தேதி எல்லாம். வித்தியாசம் இருந்தா ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, மார்க் ஷீட்டை ஆதாருக்கு ஏத்த மாதிரி மாத்தப் போனீங்கன்னா மாசக்கணக்குல அலைய வேண்டி வரும். ஆதார்ல பேர் மாத்தறதுக்கு வாழ்நாள்ல 2 தடவைதான் வாய்ப்பு, பிறந்த தேதிக்கு 1 தடவைதான், அதனால அவசரத்துல தப்பா மாத்திடாதீங்க. கட்டணம் 75 ரூபா, 2025 அக்டோபருக்கு முன்னாடி 50 ஆ இருந்துச்சு. சென்டர்ல தர்ற ரசீதைத் தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கிற நம்பரை வெச்சுத்தான் எந்த நிலைல இருக்குன்னு பார்க்க முடியும்.

பான் இல்லன்னா வருமான வரி சைட்லயே ஆதாரை வெச்சு இ-பான் இலவசமா எடுக்கலாம். பிரவுசிங் சென்டர்ல கேக்கிற காசைக் கொடுக்காதீங்க.

4. பேங்க் அக்கவுண்ட்: நான் ஏமாந்த இடம்

நாட்ஸ்ல அரசுப் பங்கு நேரடியா நம்ம அக்கவுண்டுக்கு வருது, டிபிடி முறைல. இங்க எல்லாரும் நினைக்கறது என்னன்னா, போர்ட்டல்ல எந்த அக்கவுண்ட் நம்பர் கொடுத்தோமோ அதுக்குத்தான் வரும்னு. டிபிடி பணம் அப்படிப் போகாது. உங்க ஆதார் எந்த பேங்க்ல கடைசியா சீடிங் (அரசாங்கப் பணம் வர்றதுக்காக ஆதார் நம்பரை அக்கவுண்டோட இணைக்கறது) ஆகியிருக்கோ அந்த பேங்க்குக்குத்தான் போகும். பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் கொடுத்து கேஒய்சி பண்றது வேற, டிபிடிக்காக சீடிங் பண்றது வேற. இந்த வித்தியாசம் பேங்க் கவுன்டர்ல இருக்கிறவங்க சில பேருக்கே சட்டுனு பிடிபடாது, "ஆதார் லிங்க் ஆயிருக்கு தம்பி"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க.

எனக்கு என்ன ஆச்சுன்னா, ஸ்கூல் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காக ஊர்ல ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சது, சீடிங் அதுலயே இருந்துச்சு. அந்த அக்கவுண்ட்ல இருந்த மொபைல் நம்பர் அப்பாவோட பழைய நம்பர், அதனால மெசேஜும் வரல. போர்ட்டல்ல பணம் அனுப்பியாச்சுன்னு காட்டுது, என் சம்பள அக்கவுண்ட்ல பைசா இல்ல. எச்ஆர்கிட்ட சண்டை போடாத குறை. பிப்ரவரில பொங்கலுக்கு எடுக்காம விட்ட லீவை எடுத்து ஊருக்குப் போய், பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்து என்ட்ரி போட்டா, 4,500, 4,500, 4,500, 4,500னு நாலு வரி வரிசையா அச்சாகி வருது. 18,000 ரூபா அங்கயே இருந்திருக்கு. நான் ரூம்ல காலை டிபன் இல்லாம ஷிப்ட்டுக்குப் போன நாளெல்லாம் அது அங்கதான் இருந்திருக்கு.

அதனால: ஆதார் சைட்டுக்குப் போய் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கும், ஓடிபி போட்டா எந்த பேங்க், எந்தத் தேதில சீடிங் ஆச்சு, ஆக்டிவா இல்லையான்னு காட்டும். ரெண்டு நிமிஷ வேலை. வேற பேங்க் காட்டினா, உங்களுக்கு வேணும்ங்கற பேங்க்குக்குப் போய் "டிபிடி வாங்க ஆதார் சீடிங், என்பிசிஐ மேப்பிங்"னு அதே வார்த்தைல கேட்டு (எந்த ஆதாருக்கு எந்த பேங்க்னு பதிவு வெச்சிருக்கிற அமைப்புதான் என்பிசிஐ), அதுக்கான சம்மதப் படிவத்தை எழுதிக் கொடுங்க. ஒரு வாரம் கழிச்சு திரும்ப அதே சைட்ல பாருங்க. மாறினதைக் கண்ணால பார்க்கற வரைக்கும் மாறிடுச்சுன்னு நம்பாதீங்க. இன்னொண்ணு, நடுவுல கம்பெனி வேற பேங்க்ல புது சம்பள அக்கவுண்ட் ஆரம்பிச்சுக் கொடுப்பாங்க, அப்ப ஃபார்ம்ல சீடிங்குக்கும் டிக் போட்டுட்டீங்கன்னா பணம் அங்க திரும்பிடும், அதுவும் நினைவுல இருக்கட்டும்.

5. போர்ட்டல்ல பதிவு, அப்புறம் விண்ணப்பம்

நாட்ஸ் டாட் எஜுகேஷன் டாட் கவ் டாட் இன். இது ஒண்ணுதான் அதிகாரப்பூர்வ சைட். புது போர்ட்டல் 2024 ஜூலைல வந்துச்சு, அதனால அதுக்கு முன்னாடி எடுத்த யூடியூப் வீடியோக்களைப் பார்த்து செஞ்சீங்கன்னா ஸ்கிரீன் வேற மாதிரி இருக்கும், குழம்பிடாதீங்க. பதிவு இலவசம். எந்தக் கட்டத்துலயும் காசு கிடையாது. "போர்டுலருந்து பேசறோம், ப்ராசஸிங் பீஸ் கட்டுங்க"ன்னு போன் வந்தா வெச்சுடுங்க.

கைல வெச்சுக்க வேண்டியது: ஆதார், அதுல இணைச்ச மொபைல், உங்களுக்கே சொந்தமான மெயில் ஐடி, போட்டோ, ப்ரொவிஷனல் இல்லன்னா டிகிரி சர்டிபிகேட், பாஸ்புக் முதல் பக்கம். காலேஜ் கொடுத்த மெயில் ஐடியைப் போட்டுடாதீங்க, படிப்பு முடிஞ்சதும் அதை மூடிடுவாங்க, அப்புறம் பாஸ்வேர்டு மறந்தா வழியே இல்லாம போயிடும். ஃபைலெல்லாம் சின்ன சைஸ்ல பிடிஎஃப்பா முன்னாடியே தயார் பண்ணிக்கோங்க. ப்ரொஃபைல் சரிபார்த்து என்ரோல்மென்ட் நம்பர் வரும், எனக்கு 4 நாள் ஆச்சு. அந்த நம்பரை நோட்டுல எழுதி வைங்க, வருஷம் முழுக்க எதுக்கெடுத்தாலும் கேப்பாங்க.

நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல், நம்ம அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் அப்ரென்டிஸ் எடுக்கறாங்க, பெரும்பாலும் எழுத்துத் தேர்வு இல்லாம மார்க்கை வெச்சு வரிசைப்படுத்தி சர்டிபிகேட் சரிபார்ப்புக்குக் கூப்பிடுவாங்க. இங்க ஒரு பொறி இருக்கு: நாட்ஸ் போர்ட்டல்ல பதிவு பண்றதே விண்ணப்பிச்ச மாதிரின்னு நிறைய பேர் விட்டுடறாங்க. பதிவு பண்றது ஒண்ணு, அதுக்குள்ள போய் அந்தந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கறது ரெண்டு, சில நிறுவனத்துக்கு அவங்க சொந்த சைட்லயும் தனியா விண்ணப்பம் போட்டு பிரிண்ட் எடுத்து தபால்ல அனுப்பறது மூணு. விளம்பரத்தைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தன் 86 பர்சன்ட், மூணாவதைச் செய்யாம விட்டதால லிஸ்ட்லயே வரல.

தனியார் கம்பெனிகளைப் பொறுத்தவரை, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற எந்த நிறுவனமும் மொத்த ஆள் பலத்துல 2.5-லருந்து 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் வெச்சே ஆகணும்னு விதி. அதனால நீங்க கதவைத் தட்டறது தயவு கேக்கறதுக்கு இல்ல, அவங்களுக்கும் ஆள் தேவை இருக்கு. தயங்காம எச்ஆருக்கு மெயில் போடுங்க.

6. சேர்ற அன்னைக்கு, அதோட ஒப்பந்தம்

ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டுப் போங்க, காட்டுங்க, திருப்பி வாங்கிட்டு வாங்க. ஜெராக்ஸ் 3 செட், போட்டோ 8. சாதிச் சான்றிதழ் பொதுத்துறைன்னா கட்டாயம். மெடிக்கல் ஃபிட்னஸ் அரசு டாக்டர்கிட்ட வாங்கணுமா, கம்பெனியே பார்த்துக்குமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. "ஒரிஜினல் ஒரு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும்"னு யாராவது சொன்னா கொடுக்கவே கொடுக்காதீங்க, எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் சரி.

இப்ப முக்கியமான விஷயம். நான் சேர்ந்தது 2024 ஆகஸ்ட் 5. ஐடி கார்டு கொடுத்தாங்க, ஷூ கொடுத்தாங்க, லைன்ல விட்டாங்க. நான் அப்ரென்டிஸ் ஆயிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். போர்ட்டல்ல ஒப்பந்தம் போட்டது அக்டோபர் 1. நடுவுல இருந்த ரெண்டு மாசமும் கணக்குல எங்கயும் இல்ல. அந்த ரெண்டு மாசத்துக்கு அரசுப் பங்கு 9,000 ரூபா வரல, ஒரு வருஷம் முடிய 2025 செப்டம்பர் 30 வரைக்கும் இருக்க வேண்டியதாப் போச்சு. 2025 ஆகஸ்ட்ல எனக்கு ஒரு நல்ல இன்டர்வியூ வந்துச்சு, உடனே சேரணும்னு சொன்னாங்க, பயிற்சி முடியாததால போக முடியல. அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

நீங்க சேர்ந்த முதல் வாரத்துலயே எச்ஆர்கிட்ட ஒப்பந்தம் எப்பன்னு கேளுங்க. வாயால கேட்டா மறந்துடுவாங்க, மெயில்ல கேளுங்க. போட்டதும் உங்க லாகின்ல தெரியும். அதுல பாருங்க: உங்க பேர், நிறுவனத்தோட பேர், ஆரம்பத் தேதி, முடியற தேதி, எந்தப் பிரிவு, ஸ்டைபண்ட் எவ்வளவு. ஆரம்பத் தேதி நீங்க உள்ள போன தேதியோட ஒத்துப் போகலன்னா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. ரெண்டு பக்கமும் கையெழுத்து ஆனதும் பிடிஎஃப்பை டவுன்லோடு பண்ணி மெயில்ல உங்களுக்கே ஒரு காப்பி அனுப்பி வைங்க. 18 வயசு ஆகாதவங்கன்னா பெத்தவங்க கையெழுத்து வேணும்.

பாதில விலகினா என்ன ஆகும்ங்கறதும் அதுல இருக்கும், யார் பக்கம் தப்போ அவங்க இழப்பீடு கொடுக்கிற மாதிரி விதி இருக்கு, அந்தப் பகுதியைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க.

7. காசு: எவ்வளவு, எப்போ, அது வரைக்கும் என்ன பண்றது

2019 விதிப்படி குறைஞ்சபட்சம் டிகிரிக்கு மாசம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000. 2025 மே மாசம் மத்திய அப்ரென்டிஸ் கவுன்சில் இதை 36 சதவீதம் ஏத்தச் சொல்லி பரிந்துரை பண்ணுச்சு, அதனால நீங்க சேர்றப்ப எந்தத் தொகை நடப்புல இருக்குன்னு போர்ட்டல்ல பார்த்துக்கோங்க. இது அடிமட்டம்தான், கம்பெனி மேல எவ்வளவு வேணா கொடுக்கலாம். எனக்கு மொத்தம் 14,000, அதுல கம்பெனி 9,500, அரசு 4,500.

கம்பெனி பங்கு அடுத்த மாசம் 10-ஆம் தேதிக்குள்ள வந்தாகணும், அது விதி. அரசுப் பங்கு அப்படி வராது. கம்பெனி அட்டென்டன்ஸும் அவங்க பங்கைக் கட்டின விவரமும் போர்ட்டல்ல ஏத்தினாத்தான் அது நகரும், எச்ஆர்ல ஒருத்தர் லீவுல போனாலே நின்னுடும். கடைசி அரையாண்டுல எனக்கு ரெண்டு மாசம் சேர்ந்து ஒண்ணா வந்ததெல்லாம் உண்டு. அதனால மாசச் செலவைக் கம்பெனி பங்குக்குள்ள அடக்கப் பாருங்க, அரசுப் பங்கை வரும்போது வர்ற பணமா வெச்சுக்கோங்க. அதை நம்பி வாடகைக்கோ இஎம்ஐக்கோ வாக்குக் கொடுத்துடாதீங்க.

ஸ்டைபண்ட்ல பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கக் கூடாது, அப்ரென்டிஸ் அந்த ரெண்டுலயும் வர மாட்டாங்க. பிடிச்சிருந்தாங்கன்னா ஒண்ணு தப்பா பிடிச்சிருக்காங்க, இல்லன்னா உங்களை அப்ரென்டிஸா காட்டல, ரெண்டுல எதுன்னு உடனே கேளுங்க. இஎஸ்ஐ இல்லாததால காய்ச்சல் தலைவலிக்கு நம்ம காசுதான். வேலை இடத்துல அடிபட்டா சட்டத்தோட 16-ஆம் பிரிவுப்படி இழப்பீடு கம்பெனி பொறுப்பு. வீட்ல முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அதுல உங்க பேர் இருக்கான்னு ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

ஆரம்பத்துல எனக்கு ஆன செலவைச் சொல்றேன். நாலு பேர் சேர்ந்து ரூம், என் பங்கு அட்வான்ஸ் 10,000, மாச வாடகை 2,500. முதல் ஸ்டைபண்ட் செப்டம்பர் 10-க்கு வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டு வாடகை 5,000. ஒரு வேளை கேன்டீன், மத்த வேளை மெஸ், 3,500 போச்சு. பாய், பக்கெட், சட்டை, ரீசார்ஜ்னு ஒரு 2,000. ஆக 20,500 ரூபா கைல இல்லாம முதல் 35 நாளை ஓட்டியிருக்க முடியாது. கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரைக்கும் வருதுன்னு பார்த்துட்டு ரூம் பாருங்க, வாடகை 500 குறைச்சலா இருக்குன்னு உள்ள தள்ளிப் போனா, நைட் ஷிப்ட் முடிஞ்சு காலைல ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தே அது கரைஞ்சிடும்.

8. ஷாப் ஃப்ளோர்ல முதல் மூணு மாசம்

சேஃப்டி ட்ரெய்னிங்கை தூங்காம கேளுங்க. மெஷின் நின்னிருந்தாலும் மெயின்டனன்ஸ் ஆள் பூட்டுப் போட்டு டேக் தொங்க விட்டிருந்தா அதைத் தொடவே கூடாது. அவசரப்படுத்தற சூப்பர்வைசர் சொன்னாலும் கூடாது.

அடுத்து, ஒரே ஸ்டேஷன்ல மாட்டிக்காதீங்க. ஆள் பற்றாக்குறைல அப்ரென்டிஸை ஒரு மெஷின்ல நிப்பாட்டினா அப்படியே 12 மாசம் நிப்பாட்டிடுவாங்க, நல்லா செஞ்சீங்கன்னா இன்னும் விட மாட்டாங்க. பயிற்சித் திட்டம்னு ஒண்ணு கம்பெனி வெச்சிருக்கணும், எந்த மாசம் எந்த டிபார்ட்மென்ட்னு. அதைக் கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டு, மாசம் மாறும்போது "சார், பிளான்படி இந்த மாசம் எனக்கு குவாலிட்டி"ன்னு பணிவா ஞாபகப்படுத்துங்க. எனக்கு மிஷினிங் 4 மாசம், குவாலிட்டி 3, டூல் ரூம் 2, மெயின்டனன்ஸ் 3 கிடைச்சுது, கேக்காம கிடைக்கல.

ஆபரேட்டர் அண்ணன்கள்கிட்ட ஒட்டிக்கோங்க. குவாலிட்டில என் முதல் வாரம், அலுமினிய ஹவுசிங் ஒண்ணு, 80 மில்லிமீட்டர் போர் (உள் துளை), டாலரன்ஸ் (அளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கற வரம்பு) மொத்தமே 30 மைக்ரான். மெஷின்லருந்து வந்ததை எடுத்து போர் கேஜை (துளை அளக்கற கருவி, மாஸ்டர் ரிங்குங்கற அளவு வளையத்தை வெச்சு செட் பண்ணுவாங்க) விட்டுப் பார்த்தேன், பெருசு காட்டுது. திரும்பப் பார்த்தேன், பெருசு. ரிஜெக்ஷன் சிவப்பு ட்ரேல வெச்சுட்டேன், ஒண்ணு இல்ல, வரிசையா ஆறு. அந்த லைன்ல 19 வருஷமா இருக்கிற அண்ணன் வந்தார், எதுவும் திட்டல, பீஸ் ஒண்ணை எடுத்து என் உள்ளங்கைல வெச்சு, "சூடு தெரியுதா தம்பி? மாஸ்டர் ரிங்கைத் தொடு இப்ப. அது சில்லுனு இருக்குல்ல?"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். 80 மில்லிமீட்டர் அலுமினியம் 15 டிகிரி கூடுதல் சூட்டுல இருந்தா கிட்டத்தட்ட 27 மைக்ரான் விரிஞ்சிருக்கும், நம்ம டாலரன்ஸே 30. அரை மணி நேரம் ஆற வெச்சு அளந்தா ஆறும் ஓகே. வெப்ப விரிவு ஃபார்முலாவை நான் பரீட்சைல எழுதி மார்க் வாங்கினவன்தான், ஆனா அது என் கைக்கு வந்தது அன்னைக்குத்தான். அன்னைக்கு ராத்திரி அதை டைரில எழுதினேன், பின்னால வந்த இன்டர்வியூல அந்த ஒரு பக்கத்தைப் பத்தியே 20 நிமிஷம் பேசினாங்க.

அதனால டைரி எழுதுங்க. 40 பக்க நோட்டு போதும். தேதி, எந்த மெஷின், என்ன பிரச்சனை, யார் என்ன செஞ்சு சரியாச்சு, நம்பர் என்ன. ஒரு நாளைக்கு நாலு வரி. டிராயிங்கையோ பார்ட்டையோ போட்டோ மட்டும் எடுக்காதீங்க, போனே உள்ள விடாத இடங்கள் இருக்கு, மீறினா அன்னைக்கே அனுப்பிடுவாங்க.

9. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரெக்கார்டு

மூணு மாசத்துக்கு ஒரு முறை உங்க முன்னேற்ற அறிக்கையைக் கம்பெனி போர்ட்டல்ல ஏத்தணும். நிறைய இடத்துல இதைக் கடைசில நாலையும் ஒண்ணா போட்டுக்கலாம்னு விட்டுடுவாங்க. கடைசில உங்க சூப்பர்வைசர் மாறியிருப்பார், எச்ஆர் மாறியிருப்பாங்க, யாருக்கும் உங்களைத் தெரியாது. டைரியைப் பார்த்து ஒரு பக்கத்துல நீங்களே சுருக்கமா எழுதி, சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கி, எச்ஆர்கிட்ட கொடுத்துட்டு, ஏத்தினாங்களான்னு லாகின்ல பாருங்க. அட்டென்டன்ஸையும் மாசாமாசம் நீங்க தனியா குறிச்சு வைங்க, பஞ்ச் விழாத நாளெல்லாம் ஆப்சென்ட்னு போய் உக்காந்திருக்கும்.

10. கடைசி ரெண்டு மாசமும் சர்டிபிகேட்டும்

கம்பெனி உங்களை வேலைக்கு எடுத்தே ஆகணும்னு சட்டத்துல எதுவும் இல்ல, ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருந்தா ஒழிய. "கன்ஃபர்ம் பண்ணிடுவோம்பா"ங்கற பேச்சு 10-ஆவது மாசம் காதுல விழ ஆரம்பிக்கும், சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்லுவாங்க, ஆனா முடிவு எடுக்கறது அவங்க இல்ல. 10-ஆவது மாசத்துலயே வெளிய விண்ணப்பிக்க ஆரம்பிச்சிடுங்க, சேரக்கூடிய தேதியா ஒப்பந்தம் முடியற தேதிக்கு அடுத்த நாளைச் சொல்லுங்க.

முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எச்ஆர்கிட்ட மூணு கேளுங்க: அறிக்கை நாலும் ஏறியிருக்கா, அட்டென்டன்ஸ் 12 மாசமும் ஏறியிருக்கா, பயிற்சி முடிஞ்சதா போர்ட்டல்ல எப்ப காட்டுவீங்க. அவங்க அதைக் காட்டினாத்தான் சர்டிபிகேட் வரும். கம்பெனி தன் லெட்டர்ஹெட்ல தர்ற சர்டிபிகேட் வேற, பயிற்சி வாரியம் தர்ற தேர்ச்சிச் சான்றிதழ் வேற, ரெண்டும் வாங்குங்க. ரெண்டாவதுதான் ஒரு வருஷ வேலை அனுபவத்துக்குச் சமம்னு செல்லும். எனக்கு ஒரு அறிக்கை ஏறாம நின்னதால 5 வாரம் தள்ளிப் போச்சு. எச்ஆர் பதில் சொல்லலன்னா தரமணி ஆபீஸுக்கு என்ரோல்மென்ட் நம்பர், ஒப்பந்த பிடிஎஃப் ரெண்டையும் சேர்த்து மெயில் போடுங்க. நான் போட்டேன், எந்த அறிக்கை இல்லன்னு தெளிவா பதில் வந்துச்சு, அதை அப்படியே எச்ஆருக்கு அனுப்பினதும் அன்னைக்கு சாயங்காலமே ஏத்திட்டாங்க.

ரூம் அட்வான்ஸை விட்டுட்டு வந்துடாதீங்க, ஒரு மாசம் முன்னாடியே ஓனர்கிட்ட சொல்லணும், நான் 15 நாள்தான் முன்னாடி சொன்னேன்னு ஒரு மாச வாடகையைக் கழிச்சுட்டார். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல அதைச் சேர்த்துப் பதிவு பண்ணுங்க, நாடு முழுக்க எந்த வேலைவாய்ப்பு அலுவலகத்துலயும் இதை அனுபவமா ஏத்துக்கறாங்க. உங்க பதிவுல இந்த ஒரு வருஷம் ஏறியிருக்கான்னு பார்த்துட்டு, அந்தப் பக்கத்தையும் ஒரு பிரிண்ட் எடுத்து ஒப்பந்தத்தோட ஒரே ஃபைல்ல போட்டு வெச்சிடுங்க.